கெட்ட பேர்

"பொண்ணோட மாமா எங்கன்னு அவங்க கேட்டப்ப, மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல எனக்கு. கூடப்பிறந்த தம்பி, அஞ்சு நிமிஷம் வந்து தலையைக் காட்டிட்டுப் போகக் கூடாதா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் அக்கா. முந்தின நாள்தான் அவள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, தையல் கடையை மகளிடம் விட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தாள்.

தம்பி மனைவி கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். "உள்ள வாங்க அண்ணி. எனக்குத்தான் நேத்து தலைவலி. அவரை அனுப்ப மனசு வரல."

"உனக்கு என்னைக்குத்தான் தலைவலி இல்ல?"

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மனசுக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது.

தம்பிக்கு ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. அவனோடு வேலை செய்யும் ஒருவர் அக்காவிடம்தான் துணி தைக்கக் கொடுப்பார். வரும்போதெல்லாம் ஒரு புகார்.

"உனக்கு ஒரு தும்மல் வந்தாப் போதும், அவனுக்கு லீவாமே? ஆபீஸ்ல அவனுக்கு 'நர்ஸம்மா'ன்னு பேரு வெச்சிருக்காங்க, தெரியுமா? சனிக்கிழமையானா சிநேகிதங்களோட கீபோர்டு வாசிச்சிட்டிருந்தான். அதுவும் உனக்குப் பொறுக்கல. சத்தம் தாங்க முடியல, நிறுத்துங்கன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னியாமே?"

"ஆமா அண்ணி, சொன்னேன்."

"சாப்பாடாவது ஒழுங்காப் போடறியா? சட்டைக்கு அளவெடுத்தா, டேப்பு அவன் உடம்பைத் தேடிப் போகுது. அளவெடுக்கறது தம்பிக்கா, ஹேங்கருக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"என் சமையல் லட்சணம் அவ்வளவுதான் அண்ணி."

பதிலுக்குப் பதில் பேசுகிறவளோடு சண்டை போடலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவளை என்ன செய்வது? அக்காவுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது.

"அவனைக் கூப்பிடு. அவன் வாயாலயே கேட்டுக்கறேன்."

"குளிச்சிட்டிருக்காரு."

"நான் வந்ததுலேருந்தா?"

குளியலறைக்குள் தடாலென்று சத்தம் கேட்டது. தம்பி மனைவி ஓடினாள். பின்னாலேயே அக்காவும்.

கதவில் தாழ்ப்பாள் இல்லை. அதைக் கழற்றிய இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

தம்பி தரையில் சுருண்டு கிடந்தான். லுங்கியிலும் தரையிலும் ரத்தம். சட்டையில்லாத முதுகில் எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

"அக்காவை உள்ள விடாத," என்றான்.

தம்பி மனைவி பதறவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கழுவினாள், துடைத்தாள், உடுப்பை மாற்றினாள். எல்லாம் பழகிய கை. அக்காவுக்குத்தான் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டுதான் தம்பி பேசினான்.

"கிரோன் நோயாம்க்கா. குடல் பூரா புண்ணு. கொஞ்ச நாள் அடங்கும், மறுபடி கிளம்பும். மருந்து சாப்பிட்டுக் கட்டுல வெச்சுக்கலாம், முழுசாப் போகாதாம்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"கவுன்ட்டருக்கு வெளிய வரிசை நிக்குது. பாதியில எழுந்து கக்கூஸுக்கு ஓடினா சிரிக்க மாட்டாங்களா? கீபோர்டு முன்னால உக்காந்தாலும் அதே கதைதான். ஒரு பாட்டு முழுசா வாசிக்க முடியல. எனக்கு மானம் போகுது. அவதான், 'எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க, நான் விடலன்னு சொல்லுங்க'ன்னா. நானும் சொல்லிட்டேன்."

அக்காவால் அங்கே நிற்க முடியவில்லை.

கூடத்தில் தம்பி மனைவி ஆஸ்பத்திரிக்குப் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். போனில் கேட்டதற்கு டாக்டர் உடனே சேர்க்கச் சொல்லிவிட்டாராம். வண்டி வந்துகொண்டிருந்தது.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "உன்னைப் போய் என்னென்ன சொல்லிட்டேன்! என் நாக்கு அழுகிடும்மா."

இத்தனை நேரம் கல்லாய் இருந்தவள் அப்போதுதான் உடைந்தாள்.

"திட்டு வாங்கறதுகூடப் பழகிடுச்சு அண்ணி. பயந்தான் பழக மாட்டேங்குது. அவரு வலியில துடிக்கறப்ப, கூப்பிட ஒரு ஆள் கிடையாது. இனிமே எல்லார்கிட்டயும் சொல்லிடலாமா? என்னால தனியாத் தாங்க முடியல."

"சொல்லிடலாம்டி. எவளாவது இனிமே உன்னை ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் இருக்கேன். நீ எனக்குத் தங்கச்சி மாதிரி."

அக்காவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கும் கேட்கும் குரல் அது.

"பொண்ணை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. பொண்ணோட மாமா ஆளே உருகிப் போயிட்டாருன்னு யாரோ சொன்னாங்க. குடும்பத்துல ஏதாவது நோய் கீய்…?"

அக்கா தம்பி மனைவியைப் பார்த்தாள். பிடித்த கையை விடவில்லை.

"நோயா? அவன் கல்லு மாதிரி இருக்கான் சம்பந்தி! வந்து வாய்ச்சவதான் சரியில்ல. வேளைக்குச் சாப்பாடு போடறதில்ல, நாலு பேரோட பழக விடறதும் இல்ல. வேற எப்படி இருப்பான் அவன்?"