டாக்டருக்குப் பிடித்த படம்

"எவ்வளவு கேவலமா வேணும்னாலும் சொல்லுங்க டாக்டர். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார் தயாரிப்பாளர், பல் டாக்டரின் கைகளைப் பிடித்துக்கொண்டு.

வெளியாகாத படங்களைப் போட்டுப் பார்க்கும் சின்னத் திரையரங்கு அது. டாக்டரை மெத்தை நாற்காலியில் உட்கார வைத்து, கால் நீட்டிக்கொள்ள ஒரு முக்காலியும் போட்டுவிட்டு, தயாரிப்பாளர் பின்வரிசைக்குப் போனார். அங்கே இயக்குநர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டு அவர் எடுத்து முடித்த முதல் படம்.

டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் எந்தப் படம் வந்தாலும் விடாமல் பார்ப்பவர் அவர். பார்த்ததை மறுநாள் க்ளினிக்கில் அலசிக் காயப்போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதற்கு அவர் தொழில் நல்ல வசதி. நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவர்கள் எதிர்த்துப் பேச முடியாது. ஒரே ஒருவர் மட்டும் ஒருமுறை தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தார். ஊசி ஈறில் இடம் மாறி இறங்கியது. அதோடு சரி.

வீட்டில்தான் மரியாதை இல்லை. அவர் மட்டம் என்று ஒதுக்கிய படத்துக்குத்தான் மனைவி தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே திரும்பி வருவார்கள். வீம்புக்குச் செய்கிறாள் என்று டாக்டர் விட்டுவிட்டார்.

அவருடைய அருமையைக் கண்டுகொண்டவர் இந்தத் தயாரிப்பாளர்தான். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வந்தவர், ஒவ்வொரு தடவையும் அந்த வாரப் படங்களைப் பற்றி டாக்டர் சொன்னதை மூச்சுவிடாமல் கேட்டார். பல் சரியான பிறகும் வந்து கேட்டார். பிறகுதான் தான் யார் என்பதைச் சொல்லி, தன் புதுப் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தப் படத்தை டாக்டர் துவைத்துத் தொங்கவிட்டார். கதாநாயகிக்கு அழத் தெரியவில்லை, வில்லனைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, இரண்டாம் பாதியை எடுத்தவரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். தயாரிப்பாளர் அத்தனையையும் பணிவோடு கேட்டுக்கொண்டார். படம் வெளியாகி ஓடு ஓடு என்று ஓடியது. தான் சொன்ன குறைகளை எல்லாம் திருத்தியிருப்பார்கள், அதனால்தான் பிழைத்தது என்று டாக்டர் நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி போய்ப் பார்க்கவில்லை. ஒருமுறை பட்டதே போதும் என்று இருந்துவிட்டார். இப்போது இது இரண்டாவது அழைப்பு.

விளக்குகள் அணைந்தன. பழுதான லிஃப்டுக்குள் இரண்டு பேர் மாட்டிக்கொள்ளும் கதை. வெகுநேரம் ஒருவரும் வாயே திறக்கவில்லை. நாள் முழுக்கத் திறந்த வாய்களையே பார்க்கிற டாக்டருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. குறை கண்டுபிடிக்கத் தயாராக வந்தவர், இடைவேளைக்குள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

இடைவேளையில் காபியோடு வந்த தயாரிப்பாளர், எப்படி இருக்கிறது என்று மெல்லக் கேட்டார். பேச வேண்டாம் என்று டாக்டர் கையைக் காட்டினார். தயாரிப்பாளர் காபியை அவரிடம் கொடுக்க மறந்து, தானே குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

படம் முடிந்து விளக்கு வந்தபோது டாக்டரின் கைக்குட்டை முழுக்க நனைந்திருந்தது.

"இழுவைதானே டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே தயாரிப்பாளர் ஓடி வந்தார். "தயங்காம சொல்லுங்க."

"இழுவையா? காவியம் சார் இது."

"கடைசிக் காட்சி கொஞ்சம் நீளம்னு எனக்கே..."

"அதுல மட்டும் கத்திரி வெச்சுடாதீங்க. பாவம் வந்து சேரும்."

"பாட்டாவது..." என்று தயாரிப்பாளர் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"காதை விட்டுப் போக மாட்டேங்குது."

தயாரிப்பாளரின் கண்கள் கலங்கின. டாக்டர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார். திட்டினால் தாங்கிக்கொள்கிற மனிதருக்குப் பாராட்டைத் தாங்க முடியவில்லை. எப்பேர்ப்பட்ட அடக்கம்.

இயக்குநரையும் முன்னால் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். "இனிமே தைரியமா கல்யாணத்துக்கு நாள் பாருங்க தம்பி."

இயக்குநர் தயாரிப்பாளரைப் பார்த்தார். தயாரிப்பாளர் தரையைப் பார்த்தார். இயக்குநர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். முதல் படம், சந்தோஷத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது என்று டாக்டர் புரிந்துகொண்டார்.

காரில் ஏறப் போகும்போதுதான், ஒளிப்பதிவாளரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று அவருக்கு உறைத்தது. அந்த இருட்டான லிஃப்டை அப்படிக் காட்டியவரை வாழ்த்தாமல் போனால் நன்றாக இருக்காது. டிரைவரை இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

கதவு கொஞ்சம் திறந்திருந்தது. தயாரிப்பாளர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடிக்கட்டும் என்று டாக்டர் புன்னகையோடு வாசலிலேயே நின்றார்.

"போஸ்டர் ஒட்டறதை நிறுத்தச் சொல்லு. தியேட்டர்காரங்ககிட்டயும் படம் இப்போதைக்கு வரலைன்னு சொல்லிடு."

எதிர்முனையில் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டருக்குப் படம் பிடிச்சுப்போச்சுப்பா."