ஹாரன் இல்லாத கார்

“சீக்கிரம் பாரும்மா... சாப்பாட்டுக்கு வந்துடப் போறான்.”

கேட்டுக்கும் காருக்கும் நடுவே நின்றிருந்த பெரியவள், விரல்களைப் பிசைந்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியை மறுபடியும் திருப்பினாள். மோட்டார் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை.

“பேட்டரி போச்சா?”

“பேட்டரி தெம்பாத்தான் இருக்கும்மா. இல்லன்னா இவ்வளவு வேகமா சுத்தாது. பெட்ரோலும் இருக்கு.” சாவியைப் பாதி திருப்பி நிறுத்திவிட்டு, பின் சீட்டுப் பக்கம் காதைச் சாய்த்தாள். “சாவி போட்டதும் டேங்க்ல பெட்ரோல் பம்பு ஓடுற சத்தம் வரணும். கொசு முனகுற மாதிரி இருக்கும். வரவே இல்ல.”

அந்தப் பழைய சின்னக் கார், கல்யாணத்துக்கு முன்னால் அவள் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாமே அவள்தான். கல்யாணமானதும் அதைத் தனியாக வெளியே எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. பஸ்ஸில் போய்விடலாமென்றால், பஸ் நிலையத்துக்கு நேர் எதிரேதான் புருஷன் கடை.

இறங்கி பானெட்டைத் தூக்கினாள். ஓரத்திலிருந்த கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தீப்பெட்டியில் பாதி அளவுக்கு, ஒவ்வொரு பாகத்துக்கும் கரண்டைத் திறந்துவிடும் ரிலேக்கள் வரிசையாக இருந்தன; அவற்றில் ஓர் இடம் மட்டும் காலி.

“பம்பு ரிலேயைக் காணோம்.” அந்த இடத்தை விரலால் தடவினாள். “அது தானா கழண்டு விழாது. எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் கிளம்பப் போறேன்னு தெரிஞ்சு போச்சும்மா.”

பெரியவள் மறுபடியும் தெருவைப் பார்த்தாள். “தெரிஞ்சா... நேத்து மாதிரி கையோட விட மாட்டானே.”

அவன் முறுக்கியதில் சின்னவளின் வலது மணிக்கட்டு பன் மாதிரி வீங்கியிருந்தது.

அப்போது தெருவில் பைக் சத்தம் கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் குனிந்தார்கள். சத்தம் நெருங்கியது, கேட்டருகே மெதுவானது... தாண்டிப் போய்விட்டது. பார்சல் கொண்டுவரும் பையன்.

“ஹாரனுக்கும் இதே மாதிரி ரிலேதான்” என்றாள் சின்னவள், எழுந்திருக்கும்போதே. “அதைப் புடுங்கி இதுல சொருகிடலாம்.”

வீங்கிய கையின் விரல்கள் மடங்க மறுத்தன. ஒருவழியாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் அது நழுவி, இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் எங்கோ விழுந்தது.

“ஐயோ!”

“நகரு, என் கை உள்ள போகும்.” பெரியவள் தன் மெலிந்த கையை ரப்பர் குழாய்களுக்கு நடுவே விட்டுத் துழாவினாள். “எல்லாம் என்னாலதான். தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாதுன்னு நான்தானே இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடிச்சேன். படிச்ச பொண்ணைக் கொண்டுபோய்க் கிணத்துல தள்ளிட்டேன்.”

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்...”

“ராத்திரி சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டேனே. எந்திரிச்சு வரத் தைரியம் இல்லாமக் கிடந்தேனே... இந்தா, இதுவா பாரு!”

கிரீஸ் அப்பிய விரல்களுக்கு நடுவில் ரிலே இருந்தது.

சின்னவள் அதைத் துடைத்துக் காலியிடத்தில் அழுத்தினாள். சாவியைத் திருப்பினாள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய முனகல். அடுத்த திருப்பில் இஞ்சின் உறுமிக்கொண்டு பிடித்துக்கொண்டது.

“ஹாரன் சத்தம் வராதே... குறுக்கே எவனாவது வந்தா?”

“தலையை வெளியே நீட்டிக் கத்திக்கிட்டே போறேன். நீங்க ஏறுங்கம்மா.”

“நான் வரல.”

“என்னம்மா சொல்றீங்க? இங்க இருந்தா உங்களைச் சும்மா விடுவாரா?”

“ரெண்டு பேரும் இல்லன்னா வந்த உடனே தேடக் கிளம்பிடுவான். நான் இருந்தா ரெண்டு வார்த்தை பேசி நிறுத்தி வைக்கலாம். உன் சிநேகிதி வீட்டு வாசல்ல போய் இறங்கற வரைக்கும் எங்கேயும் நிறுத்தாதே. போ!”

சின்னவள் அழுதுகொண்டே கியரைப் போட்டாள். கார் கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பி மறைந்தது.

கேட்டை மூடித் தாழ்ப்பாளைப் போடக்கூட நேரமில்லை. எதிர்ச் சந்திலிருந்து பைக் பாய்ந்து வந்து, அவள் காலை இடிப்பதுபோல் நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவன் காலியான ஷெட்டைப் பார்த்தான்.

“கார் எங்க?”

பெரியவள் பாதி மூடிய கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அவ எங்கேன்னு கேக்கறேன்!” அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். “எந்தப் பக்கம் போனா? சொல்லு!”

இடது பக்கத்தில் புழுதி இன்னும் முழுசாக அடங்கியிருக்கவில்லை. அவன் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதற்குள், பெரியவள் கையைத் தூக்கி வலது பக்கம் காட்டினாள்.

பைக் வலது பக்கம் சீறிக்கொண்டு போனது. பெற்ற மகனுக்கு அவள் தப்பான வழியைக் காட்டியது வாழ்க்கையிலேயே அன்றுதான் முதல் தடவை.