தானாக அமுங்கும் பட்டன்

சாயங்காலம் ஏழு மணிக்கு போன் அடித்தது.

"எடுக்காதீங்க. உங்க அண்ணன் பாக்கெட்டாத்தான் இருக்கும்" என்றாள் மனைவி.

தையல்காரர் எடுத்துவிட்டார்.

"ஹலோ! ஹலோ! யாரு?"

எதிர்முனையில் ஏழெட்டுக் கடிகாரங்கள் டிக் டிக் என்றன. ஒரு தும்மல். பேச்சு மட்டும் இல்லை.

"போனைப் பூட்டி வைக்கக்கூடத் தெரியாதா!" என்று கத்திவிட்டு, கட் பண்ணாமல் அப்படியே தையல் மிஷின் மேல் வைத்தார்.

பத்து நாளாக இதே கூத்து.

அண்ணன் வாட்ச் ரிப்பேர்காரர். தம்பி தையல்காரர். இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. காரணம் ஒரு சட்டை. தம்பி ஆசையாகத் தைத்துக் கொடுத்ததைப் போட்டுப் பார்த்த அண்ணன், நாலு பேர் நடுவில், "ஒரு கை நீளமா இருக்கே" என்றார். "உங்க கடையில ரெண்டு கடிகாரம் ஒரே மணி காட்டுதா?" என்றார் தம்பி. அவ்வளவு பெரிய மனிதர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

போன மாதம் தையல்காரருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனைவிக்கு அது இன்னும் ஆறவில்லை.

"தம்பி எப்படி இருக்கான்னு கேக்க மனுஷனுக்கு மனசு வரல. அவர் பாக்கெட்டு மட்டும் தினம் ஏழு மணிக்கு டாண்ணு கூப்பிடுது!"

ஓரகத்திக்குப் போன் போட்டாள். ஆண்கள் சண்டையில் இவர்கள் இருவரும் சேரவில்லை. அதற்கெல்லாம் அவர்களுக்கு நேரம் ஏது?

"அதை ஏன் கேக்கற!" என்று ஓரகத்தி அலுத்துக்கொண்டாள். "நல்ல புது போனைத் தூக்கி மூலையில வச்சுட்டு, சிம்மைக் கழட்டி ஏதோ பழைய போன்ல போட்டிருக்கார். சிம் சின்னதாப் போச்சுன்னு இடுக்கியால பிடிச்சு அதுக்கு ஒரு சட்டம் கட்டி, பேட்டரிக்கு நாலு கடை ஏறி இறங்கி… பெரிய கூத்து! கேட்டா, புதுசு கண்ணைக் கூசுதாம். பழசுல பட்டன் தானா அமுங்கிடுதாம்."

மறுநாளும் ஏழு மணிக்கு போன் அடித்தது. தையல்காரர் எடுத்தார், வழக்கம்போல் கத்தினார், மிஷின் மேல் வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்துத் தொண்டை கிழியச் சொன்னார்.

"இன்னைக்கு மாடிப்படி ரெண்டு தடவை ஏறினேன்! மூச்சே வாங்கல!"

"பக்கத்துலதானே நிக்கறேன். எதுக்கு இந்தக் கத்தல்?"

போனுக்குள் அண்ணன் யாரையோ அதட்டுவது கேட்டது. "புது ஸ்பிரிங் போட்ட வாட்சு! கொஞ்ச நாள் மெதுவாத்தான் ஓட விடணும். அவசரப்பட்டா ஆகாது!"

"பாவம், எந்தக் கஸ்டமர் மாட்டினானோ" என்றாள் அவள்.

அடுத்த நாள் தையல்காரர் மாடிப்படிப் பக்கமே போகவில்லை. ஏழு மணிக்கு மட்டும், மாத்திரை போட்டுக்கொண்டதைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் நேராக வாட்ச் கடைக்கே போய் நின்றாள்.

"மாமா, அந்தப் போனைக் கொஞ்சம் சரி பண்ணி வைங்க. தினம் எங்க வீட்டுல அடிக்குது. ஊர் வாட்சை எல்லாம் ரிப்பேர் பண்றீங்க, ஒரு பட்டனைச் சரி பண்ண முடியாதா?"

அண்ணன் கண்ணில் வைத்திருந்த லென்ஸை எடுக்கவில்லை.

"பழைய போன்மா. பாக்கெட்ல தானா அமுங்கிடுது. நான் என்ன பண்றது?"

கண்ணாடிப் பெட்டி மேல் இருந்த போனை அவள் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்படியே திரும்பி, மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"உங்க அண்ணன் சொல்றது அத்தனையும் பொய்ங்க! பாக்கெட்ல பட்டன் அமுங்குதாம், பட்டன்! அது மடக்கு போன்! விரிச்சாத்தான் பட்டனே கண்ணுக்குத் தெரியும். பாக்கெட்ல எப்படிங்க தானா அமுங்கும்?"

தையல்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"தெரியும். நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அவருக்கு அதை வாங்கிக் குடுத்ததே நான்தான்."

"அப்ப இத்தனை நாளா நீங்க…" என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"மணி ஏழாகப் போகுது, சத்தம் போடாதே" என்றார் அவர். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, மனுஷன் மறுபடியும் புது போனுக்கே போயிடுவார்."