முப்பத்து மூன்று சுற்று

"இந்தக் குரலைக் கேளுங்க. பாழுங்கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இல்ல?" என்றார் எவரிஸ்தோ.

அர்ஜென்டினாவின் லா பிளாட்டா நகரில் எழுபதுகளின் ராக் இசை என்றால் கடைசி வார்த்தை அவருடையதுதான். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார்.

சுழன்றுகொண்டிருந்தது 'சால் நெக்ரா' என்ற, யாரும் கேள்விப்படாத குழுவின் ஒரே இசைத்தட்டு. சந்தையில் பழைய சமையல் புத்தகங்களுக்கு அடியில் கிடந்ததை அவர்தான் கண்டெடுத்தார். லேபிளில் குழுவின் பெயரும் 1974 என்ற ஆண்டும் மட்டும்தான். பாடியவன் யாரென்று தெரியாதது அவருக்கு வசதியாகப் போயிற்று. அந்தக் குரலைப் பற்றி நாற்பது பக்கத்துக்குப் புத்தகமே எழுதிவிட்டார். நாளைக் காலை அச்சுக்குப் போகிறது.

ஞாயிறு மாலை அவர் வீட்டில் கூடியிருந்த ஆறு பேரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். முதலில் கண்ணைத் திறப்பவனுக்கு ரசனை இல்லை என்றாகிவிடுமே!

"'மழை வந்தாச்சு, வெளியே வா'ன்னு மரணமே கூப்பிடுது, மேஸ்த்ரோ!" என்றார் பல் டாக்டர் ஹசிந்தோ.

"கொஞ்சம் மெதுவா ஓடுதோ?"

எல்லாக் கண்களும் திறந்தன. கேட்டது, நூலகத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அன்றுதான் முதல்முறையாக வந்திருந்த ஒதிலியா. எழுபது வயது இருக்கும்.

"என்னம்மா சொல்றீங்க?"

"நாப்பத்தஞ்சு சுத்துல வெச்சுப் பாருங்களேன். இது பொம்பளைக் குரல்."

அறையே சிரித்தது.

"பெரிய தட்டுன்னா நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்து. எங்க வீட்டுப் பூனைக்கே தெரியும்!" என்றார் ஹசிந்தோ. "வேகமா சுத்த விட இது என்ன வாஷிங் மெஷினா?"

எவரிஸ்தோ கையமர்த்தினார். "ஒரு ஆம்பளை நெஞ்சு உடைஞ்சு பாடறது எனக்குத் தெரியாதாம்மா? அந்தக் காலத்துல இந்த மாதிரி பாட்டெல்லாம் நீங்க கேட்டிருக்கீங்களா?"

"அப்போ கேக்கறதுக்கு எனக்கு எங்க நேரம் இருந்தது?"

"ஆமாமா, பாத்திரம் தேய்க்கவே சரியா இருந்திருக்கும்!" என்றார் ஹசிந்தோ.

மறுபடி சிரிப்பு. அவள் முகம் வாடிப்போனது.

எல்லாரும் ஒரே குழலில் மாறிமாறி உறிஞ்சும் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவை சுற்றி வந்து அவள் கைக்குச் சேர்ந்தது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தாள். மாத்தே சுற்றில் நன்றி சொன்னால், இனி எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். இன்னொரு வாய் குடியுங்கள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் எழுந்து கிளம்ப, கதவைச் சாத்த எவரிஸ்தோ பின்னாலேயே போனார். அவள் ஏதோ ஒரு பாட்டைச் சன்னமாக முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருக்கும் பாட்டு. அதை அவர் இதுவரை யாருக்கும் போட்டுக் காட்டியதே இல்லை.

தலைவலி என்று சொல்லி எல்லாரையும் சீக்கிரமே அனுப்பிவைத்தார். கதவைத் தாழிட்டார். தட்டை மறுபடி வைத்து, வேகக் குமிழை நாற்பத்தைந்துக்குத் திருப்பினார்.

மரணமும் இல்லை, கிணறும் இல்லை. மழையில் நனைந்து ஆடலாம் வா என்று ஒரு இருபது வயதுப் பெண் துள்ளலோடு கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சற்றுமுன் நன்றி சொன்ன அதே குரல்.

பாட்டு முடிந்ததும் எவரிஸ்தோ ஊசியைத் தூக்கினார். வெட்கத்தில் காது மடல் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை பஸ் லேசில் வராது; ஓடினால் நிறுத்தத்திலேயே அவளைப் பிடித்துவிடலாம். செருப்பைக்கூட மாட்டிக்கொண்டார்.

மேஜைமேல் நாற்பது பக்கங்களும் அடுக்கி வைத்தபடி இருந்தன.

செருப்பைக் கழற்றினார். குமிழை முப்பத்து மூன்றுக்கே திருப்பி வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் 'பாடகர் யாரென்று தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார்:

'பாடகர் காலமாகிவிட்டார்.'