பேனா மூடி

"மணி மூணு! அஞ்சு மணிக்கு காலேஜ்ல கவுன்ட்டரை மூடிடுவாங்க. இன்னும் பேரைக்கூட எழுதலையா?"

மனைவி போட்ட சத்தத்தில் எலெக்ட்ரீஷியன் பேனாவைத் தேடி எடுத்தார். மகளின் காலேஜ் விண்ணப்பம் பதினோரு நாளாக மேஜையில் கிடந்தது. இன்றுதான் கடைசி நாள். மகள் வாசலில் ஸ்கூட்டரோடு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏ.டி.எச்.டி., கவனம் சிதறுற கோளாறு இருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வேணும்னேவா தள்ளிப்போடறேன்?"

"சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு! ஊரெல்லாம் விளக்குப் போடறீங்க, நம்ம அடுப்படி பல்பு நாலு மாசமா எரியலை. என்னைப் பாருங்க, எதையாவது நாளைக்குன்னு வெச்சிருக்கேனா?"

அதுவும் நியாயம்தான். கடிகாரத்துக்கே நேரம் சொல்லிக் கொடுப்பவள் அவள்.

அவர் நோட்டை எடுத்தார். டாக்டர் அனுப்பிய மனநல ஆலோசகர் சொல்லிக் கொடுத்தபடி, உள்ளே ஓடும் பயத்தை அப்படியே எழுதினார்: 'தப்பா நிரப்பினா பொண்ணு வாழ்க்கையே போச்சு.' அதற்குக் கீழே பதில்: 'தப்பானா அடிச்சுட்டுத் திருத்தலாம்.'

முழு வேலையையும் பார்க்காதே, முதல் படியை மட்டும் பார் என்பது அடுத்த பாடம்.

"பேனா மூடியை மட்டும் திறக்கறேன். அவ்வளவுதான்" என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"மூடி திறக்கறதுக்கும் ஒரு டாக்டரா!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மூடி திறந்தது. பெயர் எழுதினார். பிறகு முகவரி. நாலு மணிக்குக் கடைசிப் பக்கம் வந்துவிட்டது.

"போட்டோ எங்கே?"

"என் பையில!" அவசரத்தில் மனைவி பையையே அவர் பக்கம் தள்ளினாள்.

போட்டோவோடு, மடித்து மடித்து நைந்துபோன ஒரு சீட்டும் கையில் வந்தது. படித்தவருக்கு முகம் வெளுத்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போட்டோவை ஒட்டி, கையெழுத்துப் போட்டார். மகள் வாங்கிக்கொண்டு பறந்தாள்.

"அப்பாடா! ஒரு காகிதத்துக்குப் பதினோரு நாளு!"

அவர் சீட்டை மேஜையில் விரித்தார். 'மார்பில் கட்டி. உடனே ஸ்கேன் எடுக்கவும்.' தேதி எட்டு மாதத்துக்கு முந்தையது.

அவளுக்குக் கண் நிறைந்தது.

"வேற ஏதாவதுன்னு சொல்லிட்டா... பயமா இருந்துச்சுங்க."

சோம்பேறி என்று சொல்ல அவருக்கு இப்போது முழு உரிமை இருந்தது. சொல்லவில்லை. வாசலுக்குப் போய் அவள் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார்.

"ஆஸ்பத்திரியை நினைக்காதே. செருப்பை மட்டும் மாட்டு."