நின்றுபோன வயது

திருப்பதியில் வரன் பார்க்கும் இணையதளம் நடத்தும் சிரஞ்சீவி, தளத்துக்கு நிரல் எழுதும் யமுனாவின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சித்தூர்க்காரர் ஒருத்தர் போன்ல திட்டிக்கினே கீறாரு. மூணு வருசமா பையனுக்குப் பாக்கறாராம். ஒரு பொண்ணுக்கு மட்டும் இருபத்தெட்டு வயசு மாறவே இல்லன்றாரு. பதிவு நம்பர் 412."

"பாத்தேன் சார். பக்கத்தத் தொறக்கறப்ப பொறந்த தேதிய வச்சி வயசு கணக்காகி வரணும். அந்த நம்பருக்கு மட்டும் கணக்கு போடாம, 'வயது 28'னு ஒரு தடவ வந்த வரிய நிரல்லயே புடிச்சி வச்சிருக்குது. எப்பத் தொறந்தாலும் அந்த வரிதான் வரும்."

"அது தானா நடக்குமா?"

"நடக்காது. ஆள் எழுதினாத்தான்."

"யாருன்னு சொல்லு. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

யமுனா கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டாள்.

"நான்தான் சார். 412 என் நம்பர். நைனா கெஞ்சினாரு, எழுதிட்டேன்."

சிரஞ்சீவி குனிந்து அவள் திரையைப் பார்த்தார்.

"அப்படிப் போட்டும் ஒருத்தரும் வரல. எழுதினதக் காலையிலயே எடுத்துட்டேன். இப்ப முப்பத்தொண்ணுன்னு சரியாக் காட்டுது. கெளம்பட்டுமா சார்?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"எடுத்தத அழிச்சிட்டியா?"

"இல்ல சார். தனியா வச்சிருக்கேன்."

"எங்கக்காவுக்கு அடுத்த மாசம் நாப்பது ஆவுது. நம்பரயும் வயசயும் மட்டும் மாத்தி அவங்களுக்குப் போடு. முப்பத்திரண்டுல நிக்கட்டும்."