விட்டுப்போன மூடி

"இந்த ரயில் இன்ஜினுக்கெல்லாம் ஒரிஜினல் அட்டைப்பெட்டி எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டார் கார்டு. கேட்கும்போதே காது மடல் சுட்டது.

பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். உள்ளே வரும்போதே பார்த்துவிட்டார். வாசல் பக்கம், கடையில் போடக் கட்டி வைத்திருந்த பழைய பேப்பருக்கு நடுவே பன்னிரண்டும் கிடந்தன. கவிழ்ந்து கிடந்தாலும் என்ன, ஓரத்துச் சிவப்புக் கோடு போதுமே அவருக்கு!

"தெரியலையே அண்ணே. அதெல்லாம் அவர்தான் பார்த்துப்பார்" என்றாள் அவள்.

அவர் என்றால், போன மாதம் இறந்துபோன அவள் கணவர். மாடல் ரயில் சங்கத்தில் அவருக்கு 'டிரைவர்' என்று பெயர். ரயில் கிளம்பும்போது ஒரு குட்டிப் பச்சைக்கொடியை ஆட்டுவதால் இவர் 'கார்டு'. இருபது வருஷ சிநேகிதம். நரைத்த தலையோடு இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துத் தண்டவாளம் பூட்டுவார்கள். யாராவது 'பொம்மை' என்று சொல்லிவிட்டால் அந்த ஆளோடு ஒரு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது.

"பெட்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்னண்ணே?"

"எங்க ஆளுங்க அப்படிம்மா. இன்ஜின் பளபளன்னு மின்னினாலும், அது வந்த பெட்டி இல்லேன்னா பாதி விலைதான். அந்தப் பச்சை இன்ஜின் இருக்கே, பெட்டியோட இருந்தா அது ஒண்ணே ஆறு மாச வாடகைக்கு ஆகும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் கூசியது.

கார்டு தன் அச்சுக்கூடத்தை மூடி ஒரு வருஷம் ஆகிறது. தன் இன்ஜின்களை ஒவ்வொன்றாக விற்றுத்தான் வாடகை கட்டி வந்தார். சங்கத்தில் கேட்டால், "வீட்ல இடம் பத்தலப்பா" என்பார். இப்போது அலமாரியே காலி. டிரைவருடையதைப் பாதி விலைக்கு வாங்கிப் பெட்டியோடு விற்றால், இன்னும் ஒரு வருஷம் மூச்சு விடலாம்.

"அப்ப பாதி விலையே போட்டுக்குங்க. உங்களுக்குத் தெரியாததா?"

பேரமே பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. பணத்தை நீட்டினார். அவள் எண்ணிப் பார்க்காமல் டிரைவரின் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

"வண்டியில ஒண்ணோட ஒண்ணு இடிக்குமேம்மா... வாசல்ல ஏதோ பழைய அட்டை கிடந்துச்சே, அதுல வெச்சு எடுத்துக்கட்டுமா?"

பழைய அட்டையாம்!

"தாராளமா எடுத்துக்குங்கண்ணே. எப்படியும் கடைக்குப் போறதுதான்."

டிரைவரின் நாற்காலிப் பக்கம் திரும்பாமல் அடுக்கினார். எந்த இன்ஜினுக்கு எந்தப் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனாலும் தெரியாதவர்போல நாலைந்தை மாற்றி மாற்றி வைத்தார். சே, இந்த வயதில் இப்படி ஒரு நடிப்பா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது.

எல்லாவற்றையும் ஏற்றி, வண்டியைக் கிளப்பும்போது அவள் படியிறங்கி ஓடிவந்தாள்.

போச்சு, தெரிந்துவிட்டது.

"அண்ணே, பச்சை இன்ஜின் பெட்டியோட மூடியை விட்டுட்டீங்க. பேப்பர் கட்டுக்குள்ள சொருகிக் கிடந்துச்சு." மூச்சு வாங்க ஜன்னல் வழியாக நீட்டினாள். "மூடி இல்லேன்னா பெட்டிக்கு மதிப்பே இல்லைன்னு அவர் சொல்வார்."

மூடியை வாங்க அவருக்குக் கை எழவில்லை.

"உனக்கு... பெட்டியோட மதிப்பு தெரியுமாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்ணே. அச்சுக்கூடம் மூடினதுலேர்ந்து நீங்க ஒவ்வொண்ணா விக்கிறது அவருக்கும் தெரியும். 'எனக்கப்புறம் இதெல்லாம் அவனுக்குத்தான் போகணும். ஆனா ரோஷக்காரன், சும்மா கொடுத்தா தொட மாட்டான். பெட்டியைக் காட்டினா கடன் வாங்கியாவது முழு விலை கொடுப்பான். பழைய பேப்பரோட கவிழ்த்துப் போட்டு வை. கிளம்பும்போது, இடிக்காம இருக்கட்டும்னு சொல்லி அதுலயே வெச்சுக் கொடுத்துடு'ன்னார். நான் சொல்றதுக்குள்ள நீங்களே கேட்டுட்டீங்க."

கார்டு வண்டியை அணைத்தார்.

அவள் மூடியை அவர் மடியில் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"பெட்டி விலையைக்கூட மறைக்காம சொன்ன மனுஷன்கிட்டப் போய், தெரியாதுன்னு பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்கண்ணே."